ஜோடிக் கண்

சிவப்புப் பட்டு நூல் துண்டு ஒன்றை விரல்களுக்கு நடுவே உருட்டிப் பிரித்து, அதிலிருந்து ஒரே ஓர் இழையை இடுக்கியால் உருவுகிறார் முழியக்கா. மூச்சுவிட்டால் பறந்துவிடும். அதனால் மூச்சை அடக்கிக்கொள்கிறார். எதிரே உட்கார்ந்திருப்பவரும் தன்னையறியாமல் அடக்கிக்கொள்கிறார். கிளிஞ்சல் மாதிரி வளைந்த வெள்ளைப் பிளாஸ்டிக் ஓடு ஒன்று மேசைமேல் இருக்கிறது. அதன் ஓரத்தில் இழையை நெளித்துப் படுக்க வைத்துவிட்டு, எதிரே இருப்பவரின் இன்னொரு கண்ணை உற்றுப் பார்க்கிறார்.

"இவரு சரியா தூங்கறதில்ல போல. இன்னும் ரெண்டு நரம்பு போட்டாத்தான் ஆகும்."

'இவரு' என்றது எதிரே இருக்கும் ஆளை அல்ல, அந்த ஆளின் கண்ணை. கண்ணுக்கு மட்டும் எப்போதும் மரியாதை. ஆளுக்கு வயதைப் பொறுத்துத் தம்பி, அம்மா, ஐயா எல்லாம் உண்டு. ஆனால் கண் யாருடையதாக இருந்தாலும் 'இவரு'தான். "இவர கொஞ்சம் மூக்குப் பக்கமா உக்கார வைப்போம்", "இவரு இன்னைக்கு கோவமா இருக்காரு, நாளைக்குப் பாத்துக்கலாம்."

கண் மருத்துவமனையின் இரண்டாவது மாடியில், மின்தூக்கிக்கு எதிர்ப்புறம் நடந்தால் கடைசியாக வருகிற அறை அவருடையது. விபத்திலோ நோயிலோ ஒரு கண்ணை இழந்தவர்களுக்குச் செயற்கைக் கண் செய்து பொருத்துவது அவர் தொழில். நாற்பத்தோரு வருடங்களாக அதே அறை. முதலில் யாரோ ஒரு வார்டு ஊழியர் 'முழி செய்யற அக்கா' என்று சொல்லப்போய், அது தேய்ந்து முழியக்கா ஆகிவிட்டது. பெரிய டாக்டரே அப்படித்தான் கூப்பிடுகிறார். சம்பளச் சீட்டில் என்ன பெயர் இருக்கிறதோ, எனக்குத் தெரியாது.

அறைக்குள் நுழைந்ததும் மெழுகும் நகச்சாயமும் கலந்தது போல ஒரு வாசனை வரும். ஒரு மேசை, இரண்டு நாற்காலி, சின்னச் சின்னக் கண்ணாடிப் புட்டிகளில் வண்ணப் பொடிகள், பிரஷர் குக்கர் ஒன்று. குக்கரைப் பார்த்துப் புதிதாக வருகிறவர்கள் சமையலோ என்று நினைப்பார்கள். கண் வெந்து இறுகுவது அதில்தான். அப்புறம் ஜன்னல். அந்த ஜன்னலை நம்பித்தான் முழியக்காவின் பிழைப்பே நடக்கிறது. காலை ஒன்பதரையிலிருந்து பன்னிரண்டு வரை மட்டும் வண்ணம் தீட்டுவார். அதற்குமேல் அமைச்சர் வந்தாலும் தூரிகையைத் தொடமாட்டார். "டியூப்லைட்ல எல்லாருமே வேற ஆளு தம்பி. அதுல பாத்துப் போட்ட கலர் வெளிய போனதும் காட்டிக் குடுத்துடும்." முன்பு ஜன்னலுக்கு வெளியே ஒரு பெரிய மரம் நின்றது; இலை உதிரும் மாதங்களில் அவருக்கு வேலை சுளுவாக ஓடும். இப்போது மரம் நின்ற இடத்தில் கண்ணாடிச் சுவர் வைத்த கட்டடம் எழும்பி, அறைக்குள் நீலமாக ஒரு வெளிச்சத்தை அடிக்கிறது. "எல்லார் கண்ணையும் மீன் கண்ணாக்கிட்டானுங்க" என்று திட்டிக்கொண்டே மேசையை ஓரடி தள்ளிப் போட்டிருக்கிறார்.

முழியக்காவுக்குப் பெயர்கள் நிற்காது. தொலைபேசி அடித்தால் அவர் பேசுகிற முறையே தனி. "யாரு? எந்த ஊரு?... ஞாபகம் வரலயே. எந்தக் கண்ணு? இடதா? என்ன கலரு?... அட, காப்பிக் கலர், மூணு மணிப் பக்கம் ஒரு புள்ளி! நீங்களா! பொண்ணு எப்படி இருக்கா?" கருவிழியைக் கடிகார முகம் மாதிரி பிரித்து வைத்திருக்கிறார். நான் அவருக்கு 'இடது, களிமண் கலர், ஏழு மணியில கீத்து'.

ஓய்வு பெற்ற பஸ் டிரைவரான அவர் கணவரை ஒரே ஒருமுறை அந்த அறையில் பார்த்தேன். சாவியை மறந்து வைத்துவிட்டு வந்த மனைவியிடம் கொடுக்க வந்திருந்தார். "ஊர்ல இருக்கறவங்க கண்ணையெல்லாம் உத்து உத்துப் பாப்பா சார். நான் மீசைய எடுத்து நாலு நாள் கழிச்சுத்தான் கேட்டா, உடம்பு சரியில்லையான்னு." முழியக்கா மறுக்கவில்லை. "கண்ணு மாறியிருந்தா அன்னைக்கே கேட்டிருப்பேன்" என்றார்.

இந்த வேலைக்கு வருமுன் அவர் ஒரு பொம்மைத் தொழிற்சாலையில் கண் எழுதிக்கொண்டிருந்தார். ஒரு நாளைக்கு முந்நூறு ஜோடி. எல்லாம் ஒரே நீலம், ஒரே கறுப்பு, ஒரே இடத்தில் ஒரு வெள்ளைச் சொட்டு. முந்நூறும் அழகாக இருக்கும். மருத்துவமனையில் சேர்ந்து முதன்முதலில் செய்த கண்ணையும் அப்படியே செய்தாராம்: பால் வெள்ளை, பளிச்சென்ற கருவிழி, குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. பொருத்திப் பார்த்த பெரியவர் கண்ணாடியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "நல்லாத்தாம்மா இருக்கு. ஆனா என்னோடது அழுக்காத் தெரியுதே" என்றார். அன்றிரவு முழியக்காவுக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாளிலிருந்து கண்களின் அழுக்கைப் படிக்க ஆரம்பித்தார். மஞ்சள் படிந்த மூலைகள், வெயிலில் அலைந்தவர்களின் தடித்த ஓரம், படிப்பவர்களின் சிவப்பு, அழுது ஓய்ந்தவர்களின் ஒருவித நீலம். "பொம்மைக்கு அழகு வேணும். மனுஷனுக்கு ஜோடி வேணும்" என்பார்.

கடையொன்றின் விளம்பரங்களுக்கு நிற்கும் பெண் ஒருத்தி, கொஞ்சம் பெரிதாக, கொஞ்சம் பளபளப்பாகச் செய்து கொடுங்கள் என்று மூன்று நாள் நடையாய் நடந்தாள். பணம் எவ்வளவானாலும் பரவாயில்லை என்றாள். முழியக்கா அசையவில்லை. "நான் இத அழகா செஞ்சேன்னா, உனக்குன்னு இருக்கற அந்த ஒண்ணு அசிங்கமாயிடும்மா. அது என்ன பாவம் பண்ணுச்சு?" அந்தப் பெண் கோபித்துக்கொண்டு போனாள், ஆறு மாதம் கழித்துத் திரும்பி வந்தாள்.

இத்தனை பேசுகிறவர் தலைமுடிக்கு மட்டும் கரி மாதிரி சாயம் பூசிக்கொள்வார். புருவம் நரைத்துக் கிடக்க, தலை மட்டும் இருபது வயதில் நிற்கும். "இது மட்டும் ஜோடி சேருதாக்கா?" என்று ஒருநாள் வம்புக்கு இழுத்தேன். "இது எல்லாருக்கும் தெரிஞ்ச பொய்யி. பாக்கறவங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இதுல யாரு ஏமாந்தா, சொல்லு" என்றார்.

நான் முதன்முதலில் அவர் எதிரில் உட்கார்ந்தபோது எனக்கு இருபத்து நான்கு வயது, அவருக்கு முப்பத்து நான்கு. அதற்கு இரண்டு வருடம் முன்பு லேத் பட்டறையில் வேலை செய்துகொண்டிருந்தேன். இரும்புச் சுருள் ஒன்று தெறித்து இடது கண்ணில் ஏறியது. கண்ணை எடுத்துவிட்டு, கடையில் அளவு பார்த்து வாங்குகிற ரெடிமேட் கண் ஒன்றைப் போட்டு அனுப்பினார்கள். என் கண் களிமண் நிறம், அது கறுப்பு. அதோடு எங்கேயோ மேலே பார்த்துக்கொண்டிருக்கும். கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு, ஓர் அச்சகத்தில் பிழை திருத்தும் வேலைக்குச் சேர்ந்தேன். வெளிச்சம் பட்டால் கண் கூசும் என்று சொல்லி வைத்திருந்தேன். யாரும் துருவிக் கேட்கவில்லை.

அதே அச்சகத்தில் எழுத்துக் கோக்கிற பிரிவில் ஒரு பெண் வேலை பார்த்தாள். திருத்திய தாளை அவளிடம்தான் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். என் திருத்தங்களில் பாதி தவறு என்று அவள் நிரூபிப்பாள். எனக்கு அவளிடம் சொல்ல வேண்டிய விஷயம் ஒன்று இருந்தது. அதை அந்தக் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொல்ல வேண்டும் என்று ஆசை. அதற்காகத்தான் முழியக்காவைத் தேடிப் போனேன்.

குழைத்த மாவு போன்ற ஒன்றை ஊற்றி அச்சு எடுத்தார். மெழுகில் வடிவம் செதுக்கினார். "நீ வெயில்ல அதிகமா இருப்பியா, ரூம்புக்குள்ளயா?" என்று கேட்டார். உயிருள்ள கண்ணின் பாப்பா வெளிச்சத்துக்குத் தக்கபடி சுருங்கும், விரியும். வரைந்த பாப்பா அப்படியே நிற்கும். அதனால் எந்த வெளிச்சத்துக்குச் செய்வதென்று முதலிலேயே முடிவு செய்ய வேண்டும். ரூம்புக்குள் என்றேன். "யார் கூட பேசிட்டிருப்பே?" என்றார். பொதுவாகக் கேட்கிறார் என்று நினைத்து, ஆபீஸில் இருப்பவர்களோடு என்றேன்.

மூன்றாவது நாள் கண் தயாராகிவிட்டது. சின்னக் கிண்ணத்து நீரில் கிடந்தது. என் வலது கண்ணையே யாரோ தோண்டிப் போட்டுவிட்டது போல இருந்தது. கையை நீட்டினேன். முழியக்கா கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"இது பொய்க் கண்ணுன்னு யாருக்குத் தெரியும்?"

"வீட்டுல அம்மாவுக்கு, அக்காவுக்கு."

"பெத்தவங்க, கூடப் பொறந்தவங்க கணக்குல வராது. வேற யாரு?"

"வேற யாருக்கும் தெரியக் கூடாதுன்னுதானே வந்தேன்!"

"ஊருக்குத் தெரிய வேணாம். அதுக்குத்தான் நான் இருக்கேன். ஊர நான் ஏமாத்தித் தர்றேன். ஆனா ஒரே ஒரு ஆளுக்குத் தெரிஞ்சிருக்கணும். யாரு முன்னாடி இத கழட்டி வச்சிட்டு உக்காருவியோ, அந்த ஆளக் கூட்டிட்டு வா. குடுக்கறேன்."

எனக்கு ஆத்திரம் வந்தது. ஆஸ்பத்திரியில் இப்படி ஒரு சட்டமா என்று சத்தம் போட்டேன். "ஆஸ்பத்திரி சட்டம் இல்ல, என் சட்டம்" என்றார். பெரிய டாக்டரிடம் போய்ச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, "அது முழியக்கா விஷயம், நான் தலையிட மாட்டேன்" என்று கைவிரித்தார்.

நான்கு நாள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். ஐந்தாம் நாள் அந்தப் பெண்ணிடம், ஆஸ்பத்திரிக்குத் துணைக்கு வர முடியுமா என்று கேட்டேன். கண் கூச்சத்துக்குத்தான் வைத்தியம் என்று நினைத்து வந்தாள். இரண்டாம் மாடி பெஞ்சில் பக்கத்தில் உட்கார வைத்து, தரையைப் பார்த்துக்கொண்டே, என் கண்களில் ஒன்று நிஜம் இல்லை என்று சொல்லிவிட்டேன். அவள் கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். முடிந்தது கதை என்று நினைத்தேன்.

"அப்போ... டம்ளர்ல தண்ணி ஊத்தறப்ப வெளிய ஊத்தறது?"

"அதுனாலதான். ஒரு கண்ணுல தூரம் சரியா தெரியாது."

"கடவுளே! நான் உங்கள அசடுன்னு நினைச்சிட்டிருந்தேன்."

எந்தக் கண் என்று அவள் கேட்பதற்குள் உள்ளேயிருந்து கூப்பிட்டுவிட்டார்கள். அவளை வெளியே நிறுத்திவிட்டு முழியக்கா கண்ணைப் பொருத்தினார். கறுப்புக் கண்ணாடியைத் தன் மேசை இழுப்பறையில் போட்டுப் பூட்டினார். பிறகு அவளை உள்ளே கூப்பிட்டு, ஜன்னல் வெளிச்சத்தில் என் எதிரே உட்கார வைத்தார்.

"நல்லா பாத்துச் சொல்லு. இதுல நான் செஞ்சது எது?"

இரண்டு வருடமாக யாரும் என்னை அவ்வளவு கிட்டத்தில் பார்த்ததில்லை. அவள் முன்னால் சாய்ந்து இப்படியும் அப்படியும் பார்த்தாள். அப்புறம் சந்தேகமே இல்லாமல் என் வலது கண்ணைக் காட்டினாள்.

"இதுதான். இதுதான் ஆணி அடிச்ச மாதிரி பயந்து முழிக்குது. அது பாருங்க, எவ்வளவு நிம்மதியா இருக்கு!"

முழியக்கா மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. சிரித்ததும் வலது கண் கொஞ்சம் உயிர் பெற்றிருக்க வேண்டும். அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். மறு வருடம் எங்களுக்குக் கல்யாணம் ஆனது. இன்றுவரை எனக்குத் தண்ணீர் ஊற்றிக் கொடுப்பது அவள்தான். விருந்தாளிகள் அதைப் பாசம் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

அந்தச் சட்டம் எப்படி வந்தது என்று வருடக்கணக்காகக் கேட்டும் முழியக்கா வாய் திறந்ததில்லை. என் மனைவி கேட்டபோதுதான் சொன்னார். என் இரண்டாவது கண்ணுக்கு மெருகு ஏற்றிக்கொண்டிருந்த நாள் அது. பேச்சை மெருகுச் சக்கரத்தின் சத்தத்துக்குள் ஒளித்து வைப்பது போலத்தான் சொன்னார்.

அவர் இருபத்து நான்கு வயதில் ஒரு டைப்பிஸ்ட் பெண்ணுக்கு வலது கண் செய்து கொடுத்தார். அதுவரை செய்ததிலேயே அதுதான் சிறந்தது. செய்த தனக்கே எது எதுவென்று ஒரு நொடி குழம்பியது என்றார். அந்தப் பெருமையில் டாக்டர்கள் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினார். அந்தப் பெண்ணின் பெற்றோர் அதை மறைத்துக் கல்யாணம் செய்துவைத்தார்கள். கணவனுக்குத் தெரியவில்லை. வேலை அப்படி இருந்தது. அவளுக்குச் சொல்லவும் தைரியம் வரவில்லை. கழற்றிக் கழுவ வேண்டும். வீட்டில் எங்கே கழற்றுவாள்? ஆபீஸ் குளியலறையில் அவசர அவசரமாகக் கழுவுவாள். வருடத்துக்கு ஒருமுறை மெருகுக்கு வர வேண்டும்; என்ன காரணம் சொல்லி வருவாள்? நின்றுவிட்டாள். வேலையை விட்டபின் கழுவுவதும் நின்றது.

"ஏழு வருஷம். உள்ள புண்ணாகி, சீழ் வச்சு, காய்ச்சலோட வந்தா. பாவம் அந்தாளு, பொண்டாட்டிக்கு கண்ணு வலின்னு அவரே கூட்டிட்டு வந்தாரு. டியூட்டி டாக்டருக்கு என்ன தெரியும்? புருஷன் முன்னாடியே கழட்டிட்டாங்க."

அந்தக் கணவர் ஒரு பீங்கான் தட்டில் கண்ணை வைத்து, மேலே பஞ்சு போட்டு மூடி, இரண்டாம் மாடிக்கு எடுத்து வந்தார். முழியக்கா எழுந்து சுவரோரமாக நின்றுகொண்டார். அந்த ஆள் அடிக்கப் போகிறார் என்றே நினைத்தார்.

"தட்ட மெதுவா மேசையில வச்சாரு. இத செஞ்சது நீங்களான்னு கேட்டாரு. ஆமான்னேன். 'ரொம்ப நல்லா செஞ்சிருக்கீங்க. ஏழு வருஷமா நான் பேசினதெல்லாம் இதுகூடத்தான்'னாரு. எனக்குப் புரியல. 'அவளுக்குக் கோவம் வந்தா அந்தக் கண்ணு மூஞ்சத் திருப்பிக்கும். இது மட்டும் என்னைக்கும் என்கிட்ட கோவப்பட்டதே இல்ல. அதனால நான் இதையே பாத்துப் பேசுவேன்'னாரு. அவரு அறைஞ்சிருந்தாக்கூட நான் தாங்கியிருப்பேன்."

சக்கரத்தை நிறுத்திவிட்டு என் கண்ணை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"என் வேலை கொஞ்சம் மட்டமா இருந்திருந்தா, அந்தப் பொண்ணு மொத வாரமே மாட்டியிருப்பா. ஒரு சண்டையோட போயிருக்கும். நல்லா செஞ்சேன் பாரு, அதான் வினை."

என் மனைவி மெதுவாகக் கேட்டாள்: "அப்புறம் என்னக்கா ஆச்சு? விட்டுட்டுப் போயிட்டாரா?"

எட்டு மாதம் அவர் மனைவியோடு பேசவில்லை. தலையணையைத் தூக்கிக்கொண்டு தம்பி வீட்டுக்குப் போய்விட்டார். புண் ஆறி, புதுக்கண் பொருத்த வேண்டிய நாளில், அந்தப் பெண் தனியாக வந்து உட்கார்ந்திருந்தாள். பத்து மணிக்கு அவர் வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை, போகவும் இல்லை. முழியக்காதான் துணிந்து ஒரு காரியம் செய்தார். "எனக்கு இன்னைக்கு கலர் பிடிபடல. நீங்க வந்து இடது கண்ணப் பாத்துச் சொல்லுங்க, என்ன கலருன்னு" என்றார். கலர் பிடிபடாமல் இல்லை. அவர் நாற்காலியை இழுத்துப்போட்டு மனைவியின் எதிரே உட்கார்ந்தார். பார்த்தார். நீர் கோத்து, துடித்து, கீழே தாழ்ந்து, மறுபடி மேலே வந்த அந்தக் கண்ணை அவர் அன்றைக்குத்தான் முழுதாகப் பார்த்தாராம்.

"அரை மணி நேரம் ஆச்சு. என்ன கலருங்கன்னு கேட்டேன். தெரியலம்மா, அசைஞ்சுக்கிட்டே இருக்குன்னாரு."

அந்தத் தம்பதி இப்போதும் வருகிறார்கள். கழற்றிக் கழுவித் துடைத்து வைப்பது அவர்தானாம். பஞ்சு இந்தத் தரத்தில் வேண்டும், மருந்து அந்தக் கடையில்தான் நல்லது என்று முழியக்காவுக்கே வகுப்பெடுக்கிறார். அன்றைக்குச் சொன்ன பொய்யை மட்டும் முழியக்கா இன்னும் அவரிடம் சொல்லவில்லை.

போன மாதம் என் ஐந்தாவது கண்ணுக்காகப் போயிருந்தேன். மனைவிக்கு அச்சகத்தில் அவசர வேலை, தனியாகத்தான் போனேன். முழியக்கா இப்போது வாரத்தில் மூன்று நாள் மட்டும் வருகிறார். நெற்றியில் பட்டை கட்டிய பூதக்கண்ணாடி ஒன்று வந்திருக்கிறது. அதைக் கீழே இறக்கினால் அவர் கண்கள் எலுமிச்சம்பழ அளவுக்குத் தெரிகின்றன, நான் திரும்பிக்கொள்கிறேன். கை மட்டும் அப்படியே இருக்கிறது. கருவிழியாகப் போகிற, சட்டைப் பொத்தான் அளவுக் கறுப்பு வில்லையில் களிமண் நிறத்தைப் படலம் படலமாக ஏற்றினார். ஏழு மணியில் கீற்றைப் போட்டார். என்னைக் கேட்காமலே போட்டார்.

"உன் பொண்டாட்டி இன்னும் உன் தப்பெல்லாம் கண்டுபிடிக்கிறாளா?"

"இப்ப கண்ணாடி போட்டுட்டுக் கண்டுபிடிக்கிறா."

சிரித்தார். என் தாடையைப் பிடித்து ஜன்னல் பக்கம் திருப்பி, வலது கண்ணை வெகுநேரம் பார்த்தார்.

"இவருக்குச் சுத்தி சாம்பல் வளையம் வந்திருக்குப்பா. போன தடவை இல்ல."

"வயசாகுதுல்லக்கா. போடுங்க. ஜோடி சேரணுமே."

"ம்."

மிக மெல்லிய தூரிகையை எடுத்து, வில்லையின் விளிம்பில் சாம்பல் நிறத்தை ஒரே சுற்றாகச் சுற்றினார். வில்லையை இடுக்கியால் தூக்கி என் கன்னத்தருகே பிடித்து ஒப்பிட்டார். கைக்கண்ணாடியில் எனக்கும் தெரிந்தது. ஐம்பத்து மூன்று வயது, அப்படியே, ஒரு நாள் கூடக் குறையாமல். எது எதுவென்று ஒரு நொடி எனக்கே குழம்பியது.

"சரியா இருக்காக்கா?"

அவர் வில்லையை மேசையில் வைத்தார். தீக்குச்சி ஒன்றின் நுனியில் பஞ்சைச் சுற்றி, கரைப்பானில் தொட்டு, சற்றுமுன் போட்ட வளையத்தின் கீழ்ப்பாதியை மெள்ள, மிக மெள்ளத் துடைத்து எடுத்தார். பிறகு, நிமிர்ந்து என்னைப் பார்க்காமலே, அதன்மேல், போட்ட நிறத்தை அப்படியே உறைய வைக்கிற பளிங்கு போன்ற திரவத்தின் முதல் சொட்டை விட்டார்.